சயனைடு மலையை ஊருக்குப் போகாமலே அளப்பது எப்படி?

முதல் வேலை, நல்ல ஏ.சி. அறையாகப் பார்த்து உட்காருவது. கோலார் தங்கவயலுக்கு நேரில் போய்ப் பார்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். பெங்களூரிலிருந்து மாரிகுப்பத்துக்கு ரயிலே இருக்கிறது என்று யாராவது ஆசை காட்டுவார்கள். மசியாதீர்கள். காற்றடிக்கும் நாளில் அங்குள்ள சுரங்கக் கழிவு மேடுகளின் சாம்பல்நிறத் தூள் சட்டைக் காலருக்குள் இறங்கினால், அதை வடிகட்ட எந்த மென்பொருளும் கிடையாது.

பின்னணியை ஒரே பத்தியில் முடித்துவிடுங்கள், மேலதிகாரி அதற்கு மேல் படிக்கமாட்டார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் போய், லைன் வீடுகளில் குடியிருந்து, பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய மண்ணை ஊருக்குள்ளேயே கொட்டினார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். மண்ணை மூடவில்லை. அதுதான் சயனைடு மலை: 13 மேடுகள், 3 கோடி டன்னுக்கு மேல்.

இனி படம். சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 5 நாளுக்கொரு தரம் தலைக்கு மேலே போகின்றன, படமும் இலவசம். மழைக்காலப் படத்தைத் தொடாதீர்கள், மேகத்தைத்தான் அளப்பீர்கள். சிவப்பு அலைவரிசையை நீலத்தால் வகுத்தால் இரும்பு ஆக்சைடு உள்ள இடமெல்லாம் பளிச்சென்று தெரியும். கோலார் மண்ணே செம்மண் என்பதால் உழுது போட்ட கேழ்வரகு நிலமும் கழிவாக மின்னும். பதற வேண்டாம். வரம்பு எண்ணைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, மேலதிகாரி எதிர்பார்க்கும் இடம் மட்டும் மின்னும்வரை பொறுமையாக மாற்றுங்கள். இதற்கு அறிக்கையில் ‘அளவுத்திருத்தம்’ என்று பெயர்.

“சயனைடு எங்கே தெரிகிறது?” என்று விவரம் தெரியாத யாராவது கேட்டுவிடுவார். தெரியாது. டன்னுக்குச் சில கிராம் கிடக்கும் எதையும் அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்க முடியாது. சயனைடாவது வெயிலில் நாளடைவில் சிதையும். ஆர்செனிக் மாதிரியானவை சிதையாது, படத்திலும் விழாது. செயற்கைக்கோள் பார்ப்பது மேல்தோலை மட்டும்: களிமண், இரும்புக் கனிமம், கந்தகம் உள்ள கழிவு புளித்து அமிலமான இடத்தில் படியும் ஜரோசைட். ஜரோசைட்டை உறுதியாகப் பிரித்தறிய நூற்றுக்கணக்கான அலைவரிசை பதிவுசெய்யும் கருவி வேண்டும். அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டர். லைன் வீடு ஒரு வரிசையே அதற்குள் அடங்கிவிடும். பதிந்த நிறம் மேட்டுடையதா, தகரக் கூரையுடையதா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். ஆகவே கேள்வி கேட்டவருக்கு வண்ண அச்சுப்பிரதி ஒன்று கொடுத்து உட்காரவையுங்கள்.

களச் சரிபார்ப்பு கட்டாயம் என்று யாராவது அடம்பிடித்தால், ஜீப்பிலிருந்து இறங்காமல் முடிக்கப் பாருங்கள். இறங்கினால் வம்பு. சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு பாட்டி ஜன்னல் கட்டையை விரலால் வழித்து உங்கள் மூக்குக்கு நேரே நீட்டுவார். “காலையிலதான் தொடச்சேன் சார். காத்து அந்தப் பக்கம் திரும்புனா மேல் லைன்காரங்க சோத்துல விழும், இந்தப் பக்கம் திரும்புனா எங்க சோத்துல.” எந்த மாதம் எந்தத் தெரு, எந்தக் கிணற்றுத் தண்ணீரை மாடுகூட வாய் வைக்காது, எல்லாம் ஒப்பிப்பார். குறித்துக்கொள்ளாதீர்கள். பாட்டிக்கு அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லத் தெரியாது; உங்கள் அட்டவணையில் அதற்குக் கட்டமும் இல்லை.

கடைசியாக, தலைப்பு. இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ‘மாசுபட்ட கழிவு வரைபடம்’ என்று போட்டால் கோப்பு அலமாரிக்குப் போகும். அதே மேடுகளில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் தலையசைத்தும் ஆயிற்று. எல்லைக்கோடு ஒன்றையும் மாற்ற வேண்டாம். சிவப்பை எடுத்துவிட்டுப் பொன்மஞ்சள் அடித்து, ‘தங்க இருப்பு வரைபடம்’ என்று மாற்றி எழுதுங்கள். பத்துப் பிரதி கூடுதலாகவே அச்சடித்து வையுங்கள், டெண்டர் போடுகிறவர்கள் கேட்டு வருவார்கள்.