163 மீட்டர் இமயம்

என் இடது கெண்டைக்கால் கன்றிப்போயிருக்கிறது. மலையேறியதால் வந்தது என்று நினைத்து அலுவலகத்தில் தண்ணீரெல்லாம் எடுத்துவந்து கொடுக்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. போன ஞாயிறு காலை புக்கிட் தீமாவில் என் சகலையின் மலையேற்றக் கோல் இறங்கிய இடம் அது. கார்பன் ஃபைபராம், எடையே தெரியாதாம். பிடித்திருப்பவருக்குத் தெரியாதுதான்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நீங்களும் எங்களைப்போல் ஒரு மலையேற்ற வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்தானே. வெள்ளிக்கிழமை இரவே ஆரம்பித்துவிடும். யார் இட்லி, யார் சட்னி, மழை வந்தால் என்ன செய்வது. ஆறரைக்கு பியூட்டி வேர்ல்ட் எம்ஆர்டியில் கூடுவதென்று முடிவாகும். ஆறரைக்கே வந்து நிற்பவன் முட்டாள். ஏழேகாலுக்கு வந்து, "என்னப்பா, இன்னும் கிளம்பலையா?" என்று அதட்டுபவர் தலைவர்.

சிங்கப்பூரின் ஆக உயரமான குன்று புக்கிட் தீமா. உயரம் 163.63 மீட்டர். அந்தப் புள்ளி 63-ஐ யாரும் விட்டுக்கொடுப்பதில்லை, இருப்பதே கொஞ்சம். டக்ஸ்டனில் 2009-ல் கட்டி முடித்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி 156 மீட்டர். ஆக, நம் சிகரம் ஒரு வீவக புளோக்கைவிட ஏழு மீட்டர் சொச்சம்தான் உசத்தி. அங்கே மேல்மாடிக்குக் குடித்தனக்காரர் கீரையும் முட்டையுமாக ஈரச்சந்தைப் பையோடு ரப்பர் செருப்பில் ஏறிப்போகிறார். லிஃப்ட் இருக்கிறது, சரி. இங்கே உச்சிவரை தார் ரோடு இருக்கிறதே! தார் ரோட்டில் டக், டக் என்று கோல் ஊன்றிப் போகிற கூட்டத்தைப் பார்த்தால் யாரோ வீடு கட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

பார்வையாளர் நிலையத்தைத் தாண்டியதும் செங்குத்தாக ஓர் ஏற்றம் வரும். அந்த இடத்தில் மட்டும் எல்லாருக்கும் ஷூ லேஸ் அவிழ்ந்துவிடும். அதுவரை வீட்டு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவர்கள் குனிந்து அரை நிமிடம் கட்டுவார்கள். லேஸே இல்லாத ஷூவைக் கட்டியவர்களும் உண்டு.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வண்டுகளைப் பற்றி. 1854-ல் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் இந்தக் குன்றடியில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரோடு தங்கினார். டார்வினின் கட்டுரையோடு சேர்ந்து 1858-ல் இவருடைய கட்டுரையும் வாசிக்கப்பட்டுத்தான் இயற்கைத் தேர்வு என்ற பரிணாமக் கொள்கை உலகத்துக்குத் தெரிந்தது. அந்த மனிதர் இரண்டே மாதத்தில், ஒரு சதுர மைலுக்கு மிகாத காட்டுக்குள் சுமார் 700 வகை வண்டுகளைப் பிடித்தார். புலி நடமாடிய காலம். புலிக்காக வெட்டிய குழியில் தாம் விழுந்துவிடாமல் பார்த்து நடக்கவேண்டும். தார் ரோடு கிடையாது, இட்லி கிடையாது. அந்த வண்டுகளிடம் வருவதற்கு முன்னால் உச்சியில் இருக்கும் கல்லைப் பற்றி இரண்டு வார்த்தை.

உச்சியில் ஒரு பாறை. அதில் உயரம் எழுதியிருக்கிறது. அதன் முன்னால் வரிசை. சிங்கப்பூரில் வரிசையைக் கண்டால் என்ன ஏதென்று கேட்காமல் நிற்பவர்கள் நாம், நின்றோம். எங்கள் முறை வந்தது. முதலில் முழுக் குழு. பிறகு ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும், தம்பதிகள் தனித்தனியாக. பிறகு, "நம்ம ஊர்க்காரங்க மட்டும்" என்று ஒருவர் ஆரம்பிக்க, தஞ்சாவூர் ஜில்லா ஒரு படம், செட்டிநாடு ஒரு படம். யாரோ கண்ணை மூடிவிட்டதால் மறுபடி முழுக் குழு. அப்போதுதான் கழிவறைக்குப் போனவர் மூச்சிரைக்க வந்து சேர, அவரோடு மறுபடி. கோல்களைக் கத்தி மாதிரி தூக்கிப் பிடித்து ஒன்று. எல்லாரும் ஒரே நேரத்தில் குதித்து ஒன்று. ஐம்பது வயதுக்கு மேல் எல்லாரும் ஒரே நேரத்தில் குதிப்பது நடக்கிற காரியமா? ஒருவர் மேலே போகும்போது ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார், தலைவர் தரையிலேயே இருந்தார். "மறுபடி!" இதெல்லாம் ஒரு போனில். "என் போன்லயும் ஒண்ணு" என்று ஒரு குரல் கேட்டதும் என் கதை முடிந்தது. அத்தனை போன்களும் என் கைக்கு வந்தன. நான்தான் பொறுமையானவனாம். ஒன்று முகம் காட்டினால்தான் திறக்கும். முகமோ பாறை பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றில் இடமே இல்லை, பேத்தியின் பிறந்தநாள் வீடியோவை அழிக்கட்டுமா என்று கேட்கிறது. எங்கள் பின்னால் நின்ற சீனப் பாட்டி மூன்று தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பாறையைத் தொட்டுக் கும்பிடு போட்டுவிட்டு, படமே எடுக்காமல் இறங்கிப் போனார். அன்று அந்த உச்சிக்கு வந்தவர்களில் மலையேறியவர் அவர் ஒருவர்தான்.

இத்தனைக்கும் அங்கிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, மரம் மறைக்கும். "கொஞ்சம் வெட்டி விட்டாங்கன்னா வியூ நல்லாருக்கும்" என்றார் சகலை. 1883-லேயே காப்புக்காடாக்கி, இத்தனை தலைமுறை அரும்பாடுபட்டு வெட்டாமல் வைத்திருக்கும் மரங்கள் அவை. நான் வாயைத் திறக்கவில்லை. கோல் அவர் கையில் இருந்தது.

எனக்குப் பதில் ஒரு குரங்கு பேசிற்று. பிளாஸ்டிக் பைச் சத்தம் கேட்டு வேலியிலிருந்து இறங்கி, சகலையின் கணுக்காலருகே வந்து உட்கார்ந்தது. அவசரமில்லை. மேலும் கீழும் பார்த்தது, கோலை முகர்ந்தது, பையைப் பிடித்து ஒரே இழுப்பு. சட்னி தனியாக, இட்லி தனியாகப் பிரித்துவைத்துத் தின்றது. குரங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். "நாம குடுக்கல, அதுவா எடுத்துக்கிச்சு, எல்லாரும் சாட்சி" என்று தலைவர் மூன்று மொழியில் சத்தம் போட்டார்.

இந்தக் களேபரத்தில், கைநிறையப் போனோடு நின்ற நான் பக்கத்து மரத்தைப் பார்த்தேன். பட்டையோடு பட்டையாக, சாம்பலில் வெள்ளைப் புள்ளி தெளித்த தோலோடு, ஒரு கொலுகோ ஒட்டிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் அப்படியே தொங்கிவிட்டு இரவில் மரம் விட்டு மரம் மிதந்துபோகும் பிராணி. அடிவயிற்று மடிப்பிலிருந்து ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்து உள்ளே போயிற்று. காட்டினேன். "எங்கே? எங்கே?" என்று மொத்தக் குழுவும் போனைத் தூக்கியது. குழுவில் இப்போது மரப்பட்டைப் படங்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள்.

இறங்கும் வழியில் வண்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "700 வகையா? ரெசிடென்ட் கமிட்டில சொல்லி மருந்தடிக்கச் சொல்லணும்" என்றது ஒரு குரல்.

கீழே, குன்றடியை ஒட்டிய சாலையில்தான் பழைய ஃபோர்டு ஆலை இருக்கிறது. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிட்டாவிடம் சரணடைந்த இடம். நாங்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு பரோட்டாக் கடையில் சரணடைந்தோம். முட்டைப் பரோட்டா, வெங்காயப் பரோட்டா, ஆட்டுக்கறிக் குழம்பு, ஆளுக்கொரு தே தாரிக். எரித்த கலோரியைக் கைக்கடிகாரத்தில் காட்டிக்காட்டி இன்னொரு தட்டு வாங்கினார்கள். மலையில் இருந்ததைவிட இங்கேதான் அதிக நேரம் இருந்தோம். மூச்சும் இங்கேதான் அதிகம் வாங்கியது.

சகலை திடீரென்று எழுந்தார். பத்தாயிரம் காலடிக்கு இன்னும் 800 குறைகிறதாம், கடையைச் சுற்றி ஒரு நடை போட்டுவிட்டு வருகிறாராம். தலைவரும் கூடவே கிளம்பினார். பில் வந்தபோது இருவரும் கார்ப்பேட்டையின் மறுகோடியில் கைவீசி நடந்துகொண்டிருந்தார்கள்.