பத்துப் பென்ஸ் புண்ணியம்

டிசம்பர் பிறந்ததும் லண்டனில் எங்கள் தெருமுனைப் பப்பின் வாசலில் ஒரு கரும்பலகை வந்து நிற்கும். மற்ற மாதங்களில் அதில் வறுத்த மீன், கால்பந்து ஆட்ட நேரம் போன்ற உலகியல் சமாச்சாரங்கள் இருக்கும். டிசம்பரில் அதற்கு ஞானம் வந்துவிடும். 'நீங்கள் குடிக்கும் ஒவ்வொரு பைன்ட் பியரிலும் 10 பென்ஸ் வீடற்றவர்களுக்கு' என்று கலர் சாக்பீஸில் எழுதி, பக்கத்தில் ஒரு பனிமனிதனையும் வரைந்திருப்பார்கள். பனிமனிதனும் இராத்திரி முழுக்க வெளியே நிற்பவன்தான் என்பது வரைந்தவருக்குத் தோன்றியதா, தெரியவில்லை.

லண்டனில் பைன்ட் விலை ஆறு பவுண்டைத் தொட்டுவிட்டது. அதில் 'வாட்' வரி மட்டும் ஒரு பவுண்டு. மதுத்தீர்வை தனியாக ஏறத்தாழ 40 பென்ஸ். ஆக, வீட்டுக்கு வழி செய்யவேண்டிய அரசாங்கத்துக்கு ஒரு கிளாஸில் 140 பென்ஸ் போகிறது. வீடு இல்லாதவருக்குப் பத்து. பதினான்கு பங்கு வாங்கிக்கொள்பவர்கள் சத்தமில்லாமல் இருக்க, ஒரு பங்கு கொடுக்கிற பப்காரர் பனிமனிதன் வரைகிறார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். “நம்ம ஊர்ல குடிச்சா வீடு போகும். இங்க குடிச்சா வீடு வருதாக்கும்?” என்று கேட்டுவிட்டு மனைவி சப்பாத்தி மாவு பிசையப் போய்விட்டாள்.

நான் குடிப்பதில்லை. வியாழக்கிழமை நடக்கும் வினாடி வினாவுக்காகத்தான் பப்புக்குப் போகிறேன். உலக நாடுகளின் தலைநகரங்களைப் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கி மனப்பாடம் செய்தவனுக்கு இங்கே நல்ல மரியாதை. குடிக்காமல் இருப்பது பதினொரு மாதம் என் சொந்த விஷயம். பன்னிரண்டாவது மாதம் அது சமூகக் குற்றமாகிவிடுகிறது. லைம் சோடா கேட்டால் பப்காரர் ஒரு பெருமூச்சோடு எடுத்து வைப்பார். அதற்குப் பத்துப் பென்ஸ் கிடையாது. பக்கத்து மேசையில் மூன்றாவது கிளாஸைத் தூக்குகிற கொடைவள்ளல் என்னைப் பார்க்கிற பார்வையில், தெருவில் படுத்திருப்பவர்கள் அத்தனை பேரும் என்னால்தான் படுத்திருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு இருக்கும்.

“அப்படின்னா உண்டியல்ல காசைப் போட்டுட்டு வரவேண்டியதுதானே?” என்று நீங்கள் கேட்கலாம். போட்டேன். கவுண்டரில் பெரிய ஊறுகாய் ஜாடி ஒன்று இருக்கிறது. நோட்டு போட்டால் பப்காரர் தலைக்கு மேலே தொங்கும் பித்தளை மணியை அடித்து, கொடுத்தவரைக் கைகாட்டுவார். நம் ஊர்க் கல்யாணத்தில் மைக்கில் மொய் படிப்பதுபோல. நாணயத்துக்கு மணி இல்லை. ஆனால் மணி அடித்தாலும் ஆங்கிலேயருக்கு ஒரு சங்கடம் உண்டு. சும்மா எடுத்துக் கொடுப்பது அவர்களுக்குக் கூச்சமான காரியம். கொடுப்பதற்கு ஒரு சாக்கு வேண்டும். யாராவது மாரத்தான் ஓட வேண்டும், மொட்டை அடித்துக்கொள்ள வேண்டும், அல்லது குளியல் தொட்டி நிறைய பேக்டு பீன்ஸைக் கொட்டி அதற்குள் உட்கார வேண்டும். இதெல்லாம் நான் புனைந்தது இல்லை. தக்காளிச் சாற்றில் ஊறிய பீன்ஸுக்குள் கழுத்தளவு உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டுகிற தேசம் இது. அந்த வரிசையில் பியர் குடிப்பதுதான் குறைந்த வலியோடு செய்யக்கூடிய தர்மம்.

பலகையின் அடியில் பொடி எழுத்தில் எந்த அமைப்புக்கு, எவ்வளவு என்ற விவரம் இருக்கும். நேர்மையால் எழுதியது என்று நினைத்திருந்தேன். சட்டம் எழுத வைக்கிறது. ஒரு தர்மத்தின் பெயரைச் சொல்லிச் சரக்கு விற்றால் அதில் எவ்வளவு தர்மத்துக்குப் போகிறது என்று சொல்லியாக வேண்டும் என்பது 1992-ஆம் ஆண்டு அறக்கொடைச் சட்டம். 'ஒரு பகுதி' என்று மழுப்ப முடியாது. வரி செலுத்துபவர் ஒரு பவுண்டு தானம் கொடுத்தால், அறக்கட்டளை இன்னொரு 25 பென்ஸை வரித்துறையிடமிருந்து வாங்கிக்கொள்ளும் 'கிஃப்ட் எய்ட்' என்ற ஏற்பாடும் உண்டு. பியருக்கு அது செல்லாது. கையில் கிளாஸ் வாங்கிக்கொண்டு கொடுத்தது தானமே இல்லை என்கிறார்கள், என் மனைவியின் அபிப்பிராயமும் அதுதான். எல்லாவற்றுக்கும் மேலே 2003-ஆம் ஆண்டு மதுவுரிமைச் சட்டம், போதை ஏறியவருக்கு மேற்கொண்டு விற்பது குற்றம் என்கிறது. அதாவது ஒருவருடைய வள்ளல்தன்மைக்கு உச்சவரம்பு இருக்கிறது. அவருடைய நாக்கு குழறும் இடம் அது.

இந்த உச்சவரம்பைத் தினமும் தொட்டுப் பார்த்துவிட்டு வருபவர் மூலை மேசைக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். மார்ச்சில் எத்தனை குடிக்கிறாரோ, டிசம்பரிலும் அத்தனைதான் குடிக்கிறார். மார்ச்சில் அதற்குப் பெயர் பழக்கம், டிசம்பரில் தொண்டு. “இன்னும் ஒண்ணு போட்டேன்னா அவ கதவைத் திறக்கமாட்டா. அப்புறம் இந்த ஜாடிப் பணம் எனக்குத்தான்” என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். ஒவ்வொரு வருஷமும் எல்லோரும் சிரிப்பார்கள். பப்பில் புதிய நகைச்சுவை எடுபடாது.

போன வருஷம் இரண்டாவது வாரத்தில் திட்டம் விரிவடைந்தது. பழைய கோட் கொண்டுவந்தால் அரைப் பைன்ட் இலவசம். நல்ல யோசனை. வந்த கோட்டுகளைப் பார்க்கவேண்டுமே! வால் வைத்த கல்யாணக் கோட். ஹாலோவீனுக்கு வாங்கிய டிராகுலா அங்கி. 'நாங்கள்தான் நம்பர் ஒன்' என்று முதுகில் அச்சடித்த, இழுத்து மூடப்பட்ட ஒரு கம்பெனியின் ஜாக்கெட். நான் என் பங்குக்கு, கும்பகோணத்திலிருந்து அம்மா அனுப்பிய மங்கி குல்லாவைக் கொண்டுபோனேன். லண்டனில் குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டு அவள் அனுப்பி வைத்தது அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கிறது. கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற அந்தக் கம்பளி வஸ்துவைப் பப்காரர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். இந்த நாட்டில் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறவர் வங்கிக்குத்தான் போவார், பணம் போடுவதற்கு அல்ல. இது கோட்டில் சேருமா என்று கவுண்டரில் ஒரு விவாதம் நடந்தது. கடைசியில் அரை கிளாஸ் லைம் சோடா என்று பஞ்சாயத்து முடிந்தது.

அன்று ராத்திரி வெளியே உறைபனி. கடையடைக்கும் மணி அடித்ததும், கோட் கொடுத்தவர்களில் பாதிப் பேர் குவியலுக்குத் திரும்பி வந்து, “நாளைக்குக் கொண்டுவந்து தர்றேன்” என்று சொல்லி அவரவர் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்கள். டிராகுலாகூடப் போய்விட்டான். குல்லாவை மட்டும் யாரும் தொடவில்லை.

மறுநாள் குவியலை எடுக்க வந்த அறக்கட்டளைப் பெண்மணி பொறுமைசாலி. எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த முறை புதுக் காலுறையும் புது உள்ளாடையும் கொடுங்கள் என்றார். தெருவில் இருப்பவருக்கு முதலில் கெட்டுப்போவது பாதம்தானாம். நனைந்த சப்பாத்தோடு பகலெல்லாம் நடந்தால் வேறென்ன ஆகும்? 1967-இல் தொடங்கிய 'கிரைசிஸ்' அமைப்பு கிறிஸ்துமஸ் நாட்களில் நடத்தும் மையங்களில் சாப்பாட்டோடு பல் மருத்துவர், முடிதிருத்துபவர் எல்லாம் இருப்பார்கள். காலுறைக்கு அரைப் பைன்ட் என்று பலகையில் எழுதலாமே என்றேன். பழைய காலுறையையும் கொண்டுவருவார்கள் என்று பப்காரர் பயந்தார். தன் வாடிக்கையாளர்களை அவர் அறிவார்.

மூன்றாவது வாரம், பின்பக்கத் தோட்டத்தில் ஓர் இரவு படுத்துறங்கி நிதி திரட்டுவது. வீடற்றவரின் அனுபவத்தை நேரில் உணர்வதற்காம். தோட்டத்தில் கேஸ் அடுப்புகள் ஆளுயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தன. கழிப்பறையைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒருவர் மலையேறுபவர்களுக்கான தூக்கப்பையோடு வந்தார். அதன் விலையைக் கேட்டேன், ஜாடியில் சேர்ந்திருந்ததைவிட அதிகம். காலையில் எல்லோருக்கும் பேக்கன் ரொட்டி. நான் கம்பளி சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். உணர்ந்தது என்னவென்றால், கான்க்ரீட்டின் குளிர் மேலேயிருந்து வருவதில்லை, அடியிலிருந்து வருகிறது. அட்டைப்பெட்டிகளை விரித்துப் படுப்பவர்கள் எதற்காக விரிக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. அது விளங்கியதும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன். உண்மையான வீடற்றவருக்கு இல்லாத வசதி அது.

திறந்தவெளியில் படுப்பதற்கு இங்கே நீண்ட சரித்திரம் உண்டு. நெப்போலியனோடு சண்டை போட்டுத் திரும்பிய சிப்பாய்கள் வேலையும் வீடும் இல்லாமல் அலைந்த காலத்தில், 1824-இல், அலைச்சல் தடைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஜெயித்துக் கொடுத்தவனை வராந்தாவில் படுத்ததற்காகப் பிடித்து உள்ளே போட அது வசதியாக இருந்தது. அதை ரத்து செய்ய நாடாளுமன்றம் 2022-இல் முடிவெடுத்தது. முடிவெடுத்த பிறகும் அமலுக்குக் கொண்டுவராமல் வருஷக்கணக்கில் இழுத்தார்கள். இருநூறு வருஷம் பழகிய சட்டத்தைச் சட்டென்று தெருவில் விட மனம் வருமா?

எத்தனை பேர் தெருவில் படுக்கிறார்கள் என்று வருஷத்துக்கு ஒருமுறை எண்ணுகிறார்கள். இலையுதிர்காலத்தில் ஏதோ ஓர் இரவு. 2024 கணக்குப்படி இங்கிலாந்தில் 4,667 பேர். 2010-இல் அது 1,768. படுத்திருப்பவரையும் படுக்கப் போகிறவரையும் மட்டும்தான் எண்ணுவார்கள். குளிர் தாங்காமல் இராத்திரி பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்வருகிறவர் கணக்கில் பயணி. நண்பன் வீட்டு சோபாவில் இருப்பவர் விருந்தாளி. நகராட்சி தற்காலிகமாகத் தங்கவைத்திருக்கும் குடும்பங்கள் வேறு ஒரு லட்சத்துக்கு மேல். கூரை இருப்பதால் அவர்களும் இந்த எண்ணிக்கையில் வரமாட்டார்கள். பலகையில் வரைந்த பனிமனிதன் அவர்களைப்போல இல்லை.

ஏன் டிசம்பர் மட்டும் என்றால், டிக்கன்ஸைத்தான் குற்றம் சொல்லவேண்டும். 1843 டிசம்பர் 19 அன்று 'எ கிறிஸ்துமஸ் கேரல்' வெளியானதிலிருந்து இந்த நாட்டில் எந்தக் கஞ்சனும் கிறிஸ்துமஸ் சமயத்தில் நிம்மதியாகக் கஞ்சத்தனம் செய்ய முடிவதில்லை. ஆனால் உள்ளபடி குளிர் பிடிப்பது ஜனவரியில். அப்போது ஊரே 'ட்ரை ஜனவரி' என்று மதுவிரதம் எடுத்துக்கொள்கிறது. 2013-இல் தொடங்கிய நல்ல பழக்கம், கல்லீரலுக்கு நல்லது. பத்துப் பென்ஸ் அன்றோடு நின்றுபோகும். பலகையில் மறுபடியும் வறுத்த மீன்.

இத்தனைக்கும் நடுவில், யாருக்காக இந்த ஏற்பாடோ அவர் அந்தப் பப்பிலேயே இருந்தார். ரயில் நிலையத்துக்கு வெளியே 'பிக் இஷ்யூ' பத்திரிகை விற்பவர். 1991-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையை, விற்பவர்கள் பாதி விலைக்கு வாங்கி முழு விலைக்கு விற்று மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம். அவருக்கு ஒரு ஹாஸ்டலில் அறை. ஆகவே கணக்கில் அவரும் இல்லை. பப்பின் கதவில் 'கழிப்பறை வாடிக்கையாளர்களுக்கு மட்டும்' என்று ஒரு அறிவிப்பும், 'நாய்களுக்கு நல்வரவு' என்று இன்னொரு அறிவிப்பும் உண்டு. அவரிடம் ஒரு நாய் இருந்தது. நாய்க்குத் துணையாக வருகிறவர் என்ற முறையில் அவர் உள்ளே வருவார். நாய்க்குக் கிண்ணத்தில் தண்ணீரும் பிஸ்கட்டும் இலவசம். அவர் காசு கொடுத்துத் தேநீர் வாங்குவார். குடியை விட்டுப் பல காலம் ஆகிவிட்டதாம். தேநீருக்கும் பத்துப் பென்ஸ் கிடையாது. எனவே வீடற்றவர்களுக்கு உதவாத கல்நெஞ்சர்கள் என்று அந்தப் பப்பில் இரண்டே பேர்: நானும் அவரும். ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். தலைநகரங்கள் என் பொறுப்பு. குதிரைப் பந்தயமும் பழைய பாட்டுகளும் அவருடையது. எங்கள் அணி மோசமில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வியாழக்கிழமை இறைச்சிக் குலுக்கல். சீட்டு ஒரு பவுண்டு. முதல் பரிசு, கல்லாக உறைந்த வான்கோழி ஒன்று. சீட்டை எடுத்துப் படித்தார்கள். அவருக்கு விழுந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. மூலை மேசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கர்த்தரே சீட்டெடுத்ததாக எல்லோருக்கும் எண்ணம்.

அவர் வான்கோழியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “என் ரூம்ல ஒரு கெட்டில்தான் இருக்கு” என்றார்.

யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பப்காரர் ஜாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவரோ பறவையைக் கவுண்டரில் தூக்கி வைத்து, ரயில் நிலையத்தில் பத்திரிகை விற்கும் குரலில் ஏலம் விட்டார். “பாதி விலைக்கு வாங்கி முழு விலைக்கு விக்கிறதுதான் என் தொழில். இதை ஒரு பவுண்டுக்கு வாங்கியிருக்கேன், அதையும் சொல்லிடறேன்.” பத்தில் தொடங்கியது. உச்சவரம்பை எட்டியிருந்த மூலை மேசைக்காரர் நாற்பதில் முடித்தார். பணம் கைமாறியதும் பப்காரர் பழக்கதோஷத்தில் ஒரு கையால் ஜாடியை நீட்டினார். இன்னொரு கை மணிக்கயிற்றில்.

அவர் நோட்டுகளை மடித்து உள்பையில் வைத்தார். “நீங்க யாருக்கு வசூல் பண்றீங்களோ அவன்கிட்டயே சேர்ந்துருச்சு. பஸ் செலவு மிச்சம்” என்று சொல்லி, இன்னொரு தேநீர் கேட்டார்.

மூலை மேசைக்காரருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. வீட்டில் அவர் மனைவி ஏற்கெனவே ஒரு வான்கோழி வாங்கிக் குளிர்பெட்டியில் அடைத்து வைத்திருக்கிறாளாம். மடியில் இரண்டாவது வான்கோழியோடு எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

“உங்க ஹாஸ்டல்ல கட்டில் ஏதாவது காலியிருக்கா?”

“பேரைக் கொடுங்க” என்றார் அவர், சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே. “வரிசை இருக்கு.”