இருபது வருஷம் மாமன் வீட்டில்

கொஞ்சம் பயற்றங்கூழைக் கொடுத்து, பசியோடு வந்த அண்ணன் ஏசாவிடமிருந்து மூத்தபிள்ளை உரிமையைச் சத்தியத்தோடு வாங்கிக்கொண்டவர் பைபிளில் வரும் யாக்கோபு. பிறகு, பார்வை மங்கிய அப்பா ஈசாக்கு தடவிப் பார்ப்பார் என்று கையிலும் கழுத்திலும் ஆட்டுக்குட்டித் தோலைச் சுற்றிக்கொண்டு போய், அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்தையும் பெற்றுவிட்டார். யோசனை அம்மா ரெபெக்காளுடையது, அப்பாவுக்குக் கொண்டுபோன சமையலும் அவளுடையதே. ஏசா கொல்லத் துடிக்க, தாய்மாமன் லாபானின் ஊரான ஆரானுக்கு ஓட்டம்.

அங்கே கிணற்றடியில் மாமன் மகள் ராகேல். மேய்ப்பர்கள் எல்லாரும் கூடிப் புரட்டும் கிணற்று மூடிக் கல்லைத் தனியாளாகப் புரட்டி, அவள் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டி, அவளை முத்தமிட்டு, சத்தம்போட்டு அழுதார். தான் யார் என்று சொன்னது அதற்கப்புறம்தான்.

அவளுக்காக 7 வருஷம் ஆடு மேய்த்தார். கல்யாண விருந்து நடந்தது. விடிந்து பார்த்தால் பக்கத்தில் அக்கா லேயாள்! கொதித்துப்போய்க் கேட்டவரிடம் லாபான் நிதானமாகச் சொன்னார்: மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை. மூத்தவனை முந்திக்கொண்ட இளையவனிடம் போய் இந்த நியாயம்! 7 வருஷமாக அந்த வழக்கம் எங்கே போயிருந்தது என்று யாக்கோபு கேட்கவில்லை. கேட்க அவருக்கும் முகம் வேண்டுமே. ஒரு வாரத்தில் ராகேலும் கிடைத்தாள், இன்னும் 7 வருஷ வேலையோடு.

அதற்குமேல் 6 வருஷம் மந்தைக்காக உழைத்தார். புள்ளியும் வரியும் உள்ள ஆடுகள் அவருக்குச் சம்பளம் என்று பேச்சு. சரி என்ற மாமன், அன்றைக்கே அப்படிப்பட்ட ஆடுகளைப் பிரித்து மகன்களிடம் கொடுத்து, மூன்று நாள் பயணத் தூரத்தில் நிறுத்திவிட்டார். மருமகன் சளைத்தவரா? மரக்கொப்புகளைக் கோடுகோடாக உரித்துத் தண்ணீர்த் தொட்டியருகே வைத்தார். அதைப் பார்த்துப் பொலிந்த ஆடுகள் வரிக்குட்டிகளாகப் போட்டன. அதுவும் கொழுத்த ஆடுகள் வரும்போது மட்டும்தான் கொப்பு. எந்தக் கால்நடை மருத்துவரும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டார். மனைவிகளிடம் பேசும்போது யாக்கோபும் கொப்பைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆண்டவர் கொடுத்தார் என்றார். மாமன் சம்பளத்தைப் பத்து முறை மாற்றியதை மட்டும் மறக்காமல் சொன்னார்.

லாபான் ஆட்டுமயிர் கத்தரிக்கப் போன சமயம் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். ராகேல் அப்பாவின் குலதெய்வச் சிலைகளையும் தூக்கிக்கொண்டாள். அவர் தேடிவந்தபோது அவற்றை ஒட்டகச் சேணத்தில் ஒளித்து மேலே உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாத பெண்கள் சமாச்சாரம் என்றாள். துரத்திவந்த லாபானுக்கோ, மேளமும் கின்னரமுமாக வழியனுப்பியிருப்பேனே என்று ஆதங்கம்!

அடுத்தது அண்ணன். ஏசா 400 ஆட்களோடு வருகிறார் என்றதும் யாக்கோபுக்கு நடுக்கம். வெள்ளாடு, செம்மறி, ஒட்டகம், மாடு, கழுதை என்று 550-க்கும் மேற்பட்ட உருப்படிகளை மந்தை மந்தையாக இடைவெளி விட்டு முன்னால் அனுப்பினார். ஏசாவோ ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார். எனக்கே நிறைய இருக்கிறது தம்பி என்று மறுத்து, வற்புறுத்தியபின் வாங்கிக்கொண்டார். தான் வாழும் சேயீருக்குச் சேர்ந்தே போகலாம் என்றும் அழைத்தார்.

குழந்தைகள் இளசுகள், ஆடுகள் பால் கொடுப்பவை, நீங்கள் முன்னே போங்கள், மெதுவாக வந்து சேருகிறேன் என்றார் யாக்கோபு. ஏசா அந்தப் பக்கம் போனதும், இவர் சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டிக்கொண்டார்.