ஹாட்ஸ்பாட்டில் ஓடும் அரசு நூலகம்

நூலகம் டிஜிட்டல் ஆகிவிட்டது. எப்படி ஆனது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சுவரில் க்யூஆர் கோடு ஒட்டியாயிற்று. ஒட்டியதைப் படம் பிடித்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று. "ஏம்மா, படத்துல நீங்க இல்லையே, பக்கத்துல நின்னு இன்னொண்ணு எடுத்து அனுப்புங்க" என்று மேலிடம் கேட்க, அதையும் எடுத்து அனுப்பியாயிற்று. இனி அந்தக் கோடு எங்கே போய்த் திறக்கிறது, திறக்கிறதா என்பதெல்லாம் யாருடைய கவலையும் அல்ல.

தேனியிலிருந்து கம்பம் போகிற சாலையில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என எந்த ஊரின் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் நூலகரை அங்கே பொருத்திப் பார்க்கலாம். பெயர் வேண்டாம், நாளைக்கு மெமோ வரும். காலையில் பூட்டைத் திறப்பவர் அவர். பெருக்குபவரும் அவர்தான். நாளிதழ்களில் முத்திரை குத்தி மேசையில் போட்டு, பெரியவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு, கையிலிருக்கும் சொந்த போனைத் திறக்கிறார். நூலகத்தின் மின்நூலகப் பிரிவு முழுதும் அந்த ஆறு அங்குலத்துக்குள் இருக்கிறது.

அதற்குள் அவர் தேடிக் கண்டுபிடித்திருப்பது கொஞ்சமல்ல. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அச்சில் இல்லாத பழைய புத்தகங்கள் ஸ்கேன் செய்து கிடக்கின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் இலவசம். ஈழத்து நூல்களுக்கும் பழைய இதழ்களுக்கும் 2005 முதல் 'நூலகம்' என்ற இணையதளம். குரூப் 4 எழுதப் போகிற பெண் வந்து, "அக்கா, பழைய ஸ்கூல் புக்கு பிடிஎஃப் கிடைக்குமா?" என்றால், எடுத்துக்கொடுத்து ஹாட்ஸ்பாட்டும் போட்டுவிடுகிறார். ரீசார்ஜ் யார் கணக்கு? அவர் கணக்குதான். அரசின் டிஜிட்டல் புரட்சி ஒரு நூலகரின் தினசரி டேட்டாவில் நடக்கிறது. மத்தியானத்துக்குள் டேட்டா தீர்ந்தால் புரட்சியும் தீர்ந்தது.

மேலிடம் சும்மா இல்லை, பயிற்சி தருகிறது. ஜூம் வகுப்பு, வருகைப்பதிவுக்கு கூகுள் படிவம். நூலகத்தில் இணைய இணைப்பு இல்லை என்பதைத் தெரிவிக்கவும் ஆன்லைன் படிவம்தான். நடுவில், "இந்த மாசம் புரவலர் எத்தனை பேர் சேர்த்தீங்க?" என்று ஒரு அதட்டல். ஊரில் ஒவ்வொரு கடையாக ஏறி, ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலர் ஆகுங்கள் என்று கேட்பதும் இவர் வேலைதான்.

ஏன் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆத்திரம். நூலகத்துக்கென்று நாம் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறோம். சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது, ஆண்டு 1948. அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்கிறது. இன்றைக்கு ரூபாய்க்குப் பத்து பைசா. உள்ளாட்சி வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டிய பணம். வசூல் மட்டும் ஒழுங்காக நடக்கிறது, ஒப்படைப்பில்தான் மறதி. சென்னை மாநகராட்சியே கோடிக்கணக்கில் பாக்கி வைத்த கதை பத்திரிகைகளில் எத்தனை முறை வந்தாயிற்று! தலைநகரம் வழிகாட்டினால் மற்ற ஊர்கள் பின்தொடராமலா இருக்கும்?

கணக்குப் பார்க்கத் தெரியாதவர்களா நாம்? வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு ராட்டினம் போடவே ஏலம் விடுகிறோம். அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்தி வருகிற கூட்டத்துக்கு ராத்திரி பகலாக விளக்கெரிகிறது, பஸ் ஓடுகிறது. ஏலத்தொகையில் ஒரு ரூபாய் குறைந்தால் ராட்டினம் சுற்றாது. நூலகம் அப்படியா? காசு வராவிட்டாலும் சுற்றும், நூலகர் கையால் சுற்றிக்கொண்டிருப்பதால்.

1931இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். தொடங்கிவைத்தவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நூலகத்துக்கு விதி எழுதியவரும் அவரே. அந்த மாடுகள் போய்ச் சேர்ந்த தூரத்தை நமது சர்வர் இன்னும் எட்டவில்லை.

நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்ற பகுதியின் சிறு நூலகங்கள், 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலுக்குப் பயந்து, கோஹா என்ற நூலக மென்பொருளை எழுதவைத்து உலகத்துக்கே இலவசமாக விட்டன. சிற்றூர் நூலகம் செய்த வேலை அது! இங்கேயும் அதை இறக்கிக்கொள்ளக் காசு வேண்டாம். ஒரு கணினி வேண்டும், இணைப்பு வேண்டும், புத்தகங்களைப் பதிவேற்ற ஆள் வேண்டும். மூன்றும் இல்லாத இடத்தில் சேர்க்கைப் பதிவேட்டில் பேனாவால் எழுதிக்கொண்டிருப்பவரிடம் போய், "நீங்க இன்னும் அப்டேட் ஆகலையேம்மா" என்கிறார்கள். ஆகவேண்டியவர் அவரா?

மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். நல்ல நூலகம், பாராட்டலாம். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போய்வந்து பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை தினமும் மதுரைக்கு பஸ் ஏற முடியாது.

அடுத்த முறை சொத்து வரி கட்டும்போது ரசீதை மடித்து வைத்துவிடாதீர்கள். நூலக வரி எவ்வளவு என்று பாருங்கள். வசூலித்ததில் எவ்வளவு நூலக ஆணைக்குழுவுக்குப் போனது, எந்தத் தேதியில் போனது, பாக்கி எவ்வளவு என்று உங்கள் பேரூராட்சியிடம் எழுதிக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும்.