காலிப் பட்டியலில் எல்லாரும் பாஸ்!

கேள்வி: பைத்தானில் ஒரு காலிப் பட்டியலைக் கொடுத்து, 'இதிலுள்ள மதிப்பெண்கள் எல்லாமே 35-ஐத் தொட்டவையா?' என்று 'ஆல்' போட்டுக் கேட்டேன். 'ட்ரூ' என்கிறது. பரீட்சையே யாரும் எழுதாத வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சியா?

பதில்: ஆமாம், நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்காததுதான் குறை! 'ஆல்' தேடுவது பாஸானவர்களை அல்ல, ஃபெயிலான ஒருவரை. அப்படி ஒருவர் சிக்கியதுமே 'ஃபால்ஸ்' சொல்லிவிடும்; மிச்சப் பட்டியலைத் திரும்பியும் பார்க்காது. கடைசிவரை யாரும் சிக்காவிட்டால் 'ட்ரூ'. 'எங்கள் வீட்டு யானைகள் எல்லாமே சமர்த்து' என்று நான் சொன்னால், அதைப் பொய்யாக்க நீங்கள் ஒரு முரட்டு யானையைக் காட்டியாக வேண்டுமே!

அதன் ஜோடியான 'எனி' நேர் எதிர். பாஸான ஒருவர் கிடைத்தாலே போதும், 'ட்ரூ'. காலிப் பட்டியலுக்கு 'ஃபால்ஸ்'. இரண்டும் 2006-இல் பைத்தான் 2.5 பதிப்போடு வந்தவை. ஜாவாஸ்கிரிப்ட்டின் 'எவ்ரி', 'சம்' இரண்டுக்கும் இதே குணம்தான். ஆகவே, பட்டியல் காலியா என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் 'ஆல்' கேளுங்கள்.

'எல்லாரும் பாஸ் என்பது பொய்' என்றால், 'ஒருவராவது ஃபெயில்' என்று பொருள். இது டி மார்கன் விதியின் நீட்சி. அந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் மதுரை! ஒரே ஒரு குற்றத்தைக் காட்டி மொத்தத்தையும் கவிழ்க்கும் வித்தை, நக்கீரர் ஊரில் பிறந்தவருக்குச் சொல்லியா தர வேண்டும்?