எழுபது கிலோ சாக்கு

மெல்லிசைக் குழுவில் இருந்த காலத்தில் பெரியப்பா வாசித்த கிட்டார் என் கைக்கு வந்தபோது, குடும்பத்தாரின் கருத்துகளும் சேர்ந்தே வந்தன. ரிப்பேர் செய்து வாசி என்றார் அண்ணன். தொட்டால் மதிப்பு போய்விடும், அப்படியே விடுங்கள் என்றான் யூடியூபில் பட்டம் வாங்கிய அக்கா மகன். பரணில் போடுங்கள் என்றாள் மனைவி. பரண் விஷயத்தில் அவளுக்குப் பாரபட்சம் கிடையாது. என் பட்டமளிப்பு விழா போட்டோவும் அங்கேதான் இருக்கிறது.

கல்கத்தாவில் செய்த கிட்டார். கம்பெனிப் பெயர் உரிந்து கடைசி இரண்டு எழுத்துதான் மிச்சம். வலது முழங்கை உரசும் இடத்தில் வார்னிஷ் போய் வெறும் மரம் தெரிகிறது. பிரிட்ஜ் பின்பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அடியில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறது. முன்பலகையில் ஒரு விரிசல். அதில் யாரோ எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறார்கள். முதல் மூன்று பிரெட்டுகளில் கம்பி அரைத்த பள்ளம் ஆழமாக விழுந்திருக்கிறது, ஐந்துக்கு மேலே எல்லாம் புத்தம்புதுசு. ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்து நிலாப் பாட்டில் ஆர். சந்திரசேகர் வாசித்ததை மேடையில் அச்சு அசலாக எடுத்ததாகப் பெரியப்பா சொல்வார். எடுத்திருக்கலாம். ஐந்தாவது பிரெட்டைத் தாண்டாமல் எடுத்திருக்கிறார்.

போனில் அவரிடமே கேட்டேன். “என்ன வேணா மாத்திக்கோ. அந்த எம்-சீலை மட்டும் தொடாதே. நானே வச்சது.”

அக்கா மகனின் முதல் சாட்சி அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன். அவர் 1969இல் வாங்கிய மார்ட்டின் என்-20 நைலான் கம்பி கிட்டார், விரலால் வாசிக்கச் செய்தது. அவர் பிக் கொண்டு வாசித்து வாசித்துப் பலகையில் இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. “அதை அவர் அடைக்கவே இல்ல மாமா.” சரி. ஆனால் டெக்சாஸில் ஆஸ்டின் நகரத்து மார்க் எர்லவைன் பல ஆண்டுகளாக அந்தக் கிட்டாரைப் பார்த்துப் பராமரித்து வருவதைப் பையன் சொல்லவில்லை. அயர்லாந்தின் ரோரி கேலகர் 1963இல் நூறு பவுண்டுக்கு வாங்கிய 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அப்படித்தான். வியர்வையில் பெயிண்ட் உரிந்து போனதை அவர் சட்டை செய்யவில்லை, பிரெட் தேய்ந்தால் மட்டும் மாற்றிக்கொண்டார். தோல் போகட்டும், எலும்பு நிற்க வேண்டும் என்பது வாசிக்கிறவர்களின் கட்சி.

வாங்குகிறவர்களின் கட்சி வேறு. 1990களின் நடுவிலிருந்து ஃபெண்டர் கம்பெனி புத்தம்புதுக் கிட்டாரைச் சுரண்டி, தேய்த்து, பழசாக்கி அதிக விலைக்கு விற்கிறது. பெரியப்பா அதைச் சம்பளமே இல்லாமல் செய்திருக்கிறார். பழைய ஃபெண்டருக்கு மறுபடி பெயிண்ட் அடித்தால் விலையில் பாதி போய்விடும் என்பார்கள். எங்கள் கிட்டார் விலையில் பாதி போனால் இரண்டு பிரியாணி நஷ்டம்.

ரிப்பேர்காரர் கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி கண்ணருகே பிடித்து நெக்கின் நீளத்தைக் குறிபார்த்தார். “ஆறு ஸ்டீல் கம்பியும் சேர்ந்து எழுபது கிலோவுக்குக் குறையாம இழுக்கும் சார். இத்தனை வருஷமா கம்பியைத் தளர்த்தாமலே வச்சிருக்கீங்க.” பன்னிரண்டாவது பிரெட்டில் கம்பிக்கும் பிரெட்டுக்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். இதில் அதைப்போல இரண்டு மடங்கு. நெக்கை ஆவி காட்டிக் கழற்றி, கோணம் திருத்தி ஒட்டலாம், அந்தச் செலவில் புதுசே வாங்கிவிடலாம். அவர் சொன்ன சிக்கன வழி: பிரிட்ஜைப் பெயர்த்து ஒட்டி, பிரெட்டுகளைச் சமன்செய்து, பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் சாடிலைத் தேய்ப்பது. சாடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்த்தால் பன்னிரண்டாவது பிரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்கும்.

நியாயமான யோசனை. ஆனாலும் இழுத்தடித்தேன். பணம் பிரச்சினை இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கிட்டாரைப் பார்த்ததும் ஏதாவது வாசியுங்கள் என்பார்கள். நான் கம்பி நிற்கும் உயரத்தைக் காட்டுவேன். அவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். ஒரு பெரிய கலைஞனை ஒரு ஓட்டைக் கிட்டார் தடுத்து வைத்திருக்கிறது என்ற எண்ணத்துடன் காபி குடித்துவிட்டுப் போவார்கள். இந்த ஏற்பாட்டைக் காசு கொடுத்து நானே கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

“ஆக்‌ஷன் இறங்கிட்டா எஃப் கார்டு ஈஸியா வரும் சார்,” என்றார் ரிப்பேர்காரர், என் முகத்தைப் படித்தவர் போல.

“அப்பவும் வரலைன்னா?”

“அது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல சார்.”

வார்னிஷைத் தொட வேண்டாம், எம்-சீல் பெரியப்பாவின் சொத்து, மற்றதைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். வேலை சுத்தமாக இருந்தது. கம்பியைத் தொட்டாலே பேசுகிறது. கிட்டார் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை ஹாலில் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

“இப்பத்தான் சரியாயிடுச்சே, வாசிங்களேன்,” என்றாள் மனைவி.

“புதுக் கம்பிம்மா. இழுபட்டு நிலைக்கிற வரைக்கும் சுருதி நிக்காது. ஒரு வாரமாவது ஆகும்.”

அண்ணன் தலையை ஆட்டினார். மனைவியும் கிட்டத்தட்ட நம்பிவிட்டாள். அக்கா மகன்தான் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

“கையால நல்லா இழுத்து விட்டா பத்து நிமிஷம் போதும் மாமா. குடுங்க, நான் பண்ணித் தர்றேன்.”