மாப்பிள்ளை சங்கம் வைக்கிறார்

வா மாப்ளே, உக்காரு. வெளிநாட்டுச் சரக்கு எதையும் இனி ஊருக்குள்ள விடுறதில்லன்னு சங்கம் ஆரம்பிச்சிருக்கியாமே! நல்ல காரியம். முதல் சோதனையை உங்க அத்தை அடுப்படியில வச்சுக்கிருவோம்.

மிளகாய்ப் பானையைத் தூக்கி வெளிய வை. அது அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, போர்த்துக்கீசியன் கொண்டாந்தது. 1498-ல வாஸ்கோட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து எறங்குறவரைக்கும் உன் முப்பாட்டன் காரத்துக்கு மிளகைத்தான் நுணுக்கிப் போட்டிருப்பாரு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடு வந்ததும் தலைகால் புரியாம ஆடுனோமே, அந்த ஆட்டத்தை வாபஸ் வாங்கிரு. கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் ஆகாது. 2020-ல அதுக்கும் குறியீடு குடுத்தாங்க, ஆனா நிலக்கடலை தென்னமெரிக்காக்காரன். தக்காளியும் அந்தப் பக்கந்தான். இனிமே ரசத்துல தக்காளி கெடையாதுன்னு உங்க அத்தைகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் திண்ணையிலயே இருந்துக்கிறேன்.

நோட்டீசைச் சிவகாசியில அடிச்சுராத. 1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கத்துக்கிட்டு வந்த தொழில் தீப்பெட்டி. அந்தப் பெட்டிக்கு லேபிள் ஒட்டப் போய்த்தான் அங்க அச்சாபீசே தலையெடுத்துச்சு. கல்கத்தாவும் வெளியூர்தானப்பா!

சிரிக்காத, இதுக்குப் பதில் சொல்லு. நம்ம கருங்கண்ணிப் பருத்தி எங்க? கரிசலுக்குன்னே வாச்ச செடி. வெடிச்ச பருத்தியில விதையெடுத்து மறுவருசம் போட்டோம், எவன்கிட்டயும் கையேந்தல. இப்ப வீரிய விதை. எடுத்து வச்சு மறுபடி போட்டா மொதல்ல கண்ட வெளைச்சல் வராது, வருசா வருசம் பாக்கெட்டு வாங்கணும். ஆக, பருத்தி உள்ளூரு, அதோட விதை அசலூரான் கையில. முண்டு மிளகாய் அசலூரு, விதை நம்ம வீட்டுக் கலயத்துல. இதுல எதை மாப்ளே வெரட்டப் போற?

சீமைக்கருவேலத்தை வெரட்டுறேன்னு சொன்னா நானும் கோடாலியோட வாரேன். கம்மாய் பூராம் அதுதான் நிக்கிது. ஆனா மழை பொய்ச்ச வருசமெல்லாம் கரிமூட்டம் போட்டுத்தான் பல வீட்டுல உலை கொதிச்சது. மூட்டக்காரங்க கம்போட வந்தா முன்னால நிக்கிறது தலைவர்தான், ஞாபகம் வச்சுக்க.

சரி, நோட்டீஸ்ல என் பேரையும் போடு. கூட்டத்தை மட்டும் விதைக்கடைப் பக்கம் போட்டுராத மாப்ளே. போன வருசப் பாக்கி இன்னும் நிக்கிது.